அக்கரைச் சீட்டில் இரண்டு வரிகள்

பிஜித் தீவுக்குக் கூலி வேலைக்குப் புறப்பட்ட ஒவ்வொருவர் பெயரிலும் கப்பல் ஏறுமுன் ஒரு குடியேற்றச் சீட்டு எழுதப்பட்டது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உயரம், உடலில் உள்ள அடையாளம் என்று நீளும் அந்தச் சீட்டில் இரண்டு வரிகள் தனித்து நிற்கின்றன. ஒன்று நெருங்கிய உறவினர் யார் என்று கேட்டது. மற்றொன்று, மணமானவர் என்றால் யாரை மணந்தவர் என்று கேட்டது. முதல் வரியில் பெரும்பாலும் ஊரில் விட்டுவந்த தாய், தகப்பன், அண்ணன் பெயர் இருக்கும். இரண்டாவது வரியில் உடன் கப்பல் ஏறுபவரின் பெயர் இருக்கும், அப்படி ஒருவர் இருந்தால். ஜில்லா என்ற இடத்தில் மிகுதியாக வரும் பெயர்களில் ஒன்று வட ஆற்காடு. தென்னாப்பிரிக்காவின் நெட்டாலுக்குப் போன தமிழர்களின் கப்பல் பட்டியல்களிலும் அப்படியே.

கண்ணமங்கலம் அந்தப் பழைய வட ஆற்காட்டின் உள்ளூர்களில் ஒன்று. வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தை ஒட்டி, ஆரணிக்கும் வேலூருக்கும் நடுவே இருக்கிறது. ரேணுகாம்பாள் கோயில் கொண்ட படவேடு பக்கத்தில். ஏரிப் பாசனமும் மானாவாரியும் கலந்த பூமி. வடகிழக்குப் பருவமழை ஒரு வருடம் பொய்த்தால் ஏரி வற்றும், இரண்டு வருடம் பொய்த்தால் ஊர் நகரும். ஊரைவிட்டுப் பிழைக்கப் போவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. அருகிலுள்ள கம்மவான்பேட்டை தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பி ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர் வாங்கிய ஊர். ஆனால் பட்டாளத்துக்குப் போனவன் தனியாகப் போனான், மனைவி ஊரில் இருந்தாள், விடுப்பில் வந்தான். கணவனும் மனைவியுமாகக் கடல் கடந்தது வேறு வழக்கம். அதற்கு வயது 200 ஆண்டுகூட இல்லை.

தமிழ் மரபு அந்தப் பயணத்தை எதிர்பார்க்கவில்லை. கடல்வழிப் பிரிவில் தலைவியை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்ற பொருளில் தொல்காப்பியப் பொருளதிகாரம் ஒரு நூற்பா வகுக்கிறது. அதில் வரும் ‘முந்நீர்’ என்ற சொல்லுக்கு உரையாசிரியர்கள் வேறு வேறு பொருள் சொன்னார்கள் என்றாலும், கடல் என்ற பொருளே பரவலாக ஏற்கப்பட்டது. வாணிபம் செய்தவர்கள் இந்த வழக்கத்தை இருபதாம் நூற்றாண்டு வரை காத்தார்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன நகரத்தார் கடைகளில் மூன்றாண்டுக் கணக்குக்குப் போன ஆடவர்களே இருந்தார்கள்; மனைவியர் செட்டிநாட்டு வீடுகளில் இருந்தார்கள். பொருள் உள்ளவன் பிரிந்து போனான், பொருள் இல்லாதவனே மனைவியோடு போனான். கடல் கடந்த தமிழ்த் தம்பதியரின் வரலாறு ஏழைகளிடமிருந்துதான் தொடங்குகிறது.

அதற்கு வழி திறந்தவை ஒரு ரயில் பாதையும் ஒரு கப்பலும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. வாலாஜா வட ஆற்காட்டில் இருந்தது. பல நாள் நடந்தோ மாட்டுவண்டியிலோ போக வேண்டிய சென்னைத் துறைமுகம் ஒரு பகல் தூரத்துக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பாதை காட்பாடி வழியாக மேற்கே நீண்டது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 340-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு நவம்பர் 16-ஆம் தேதி நெட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதற்குமுன் 1830-களிலிருந்தே மொரீசியசுக்குத் தமிழர்கள் கூலிகளாகப் போய்க்கொண்டிருந்தார்கள். 1860 முதல் 1911 வரை நெட்டாலுக்கு ஒப்பந்தத்தில் போன இந்தியர்கள் 1,52,184 பேர். அவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையிலிருந்து கப்பல் ஏறியவர்கள்.

இந்தக் கணக்கின் நடுவே ஓர் இடைவெளி உண்டு. 1866-க்குப் பின் சில ஆண்டுகள் கப்பல் போகவில்லை. நெட்டாலில் தொழில் நசிந்தது ஒரு காரணம். 1871-இல் முதல் தொகுதிக் கூலிகள் ஊர் திரும்பியதும், அடித்தார்கள், கூலியைப் பிடித்தார்கள், தருவதாகச் சொன்ன தொகையைத் தரவில்லை என்று சென்னை அதிகாரிகளிடம் புகார் சொன்னார்கள். இந்திய அரசு அனுமதியை நிறுத்திவைத்தது. 1872-இல் நெட்டாலில் கூலி விசாரணைக் குழு அமைந்தது. குடியேறியவர்களின் நலம் பார்க்கக் காப்பதிகாரி நியமிக்கப்பட்டார். 1874-இல் கப்பல் மறுபடி ஓடியது. எழுத்தறியாத கூலிகள் சொன்ன வாய்மொழி ஒரு சாம்ராஜ்யத்தின் ஆள் கடத்தலை சில ஆண்டுகள் தடுத்து நிறுத்தியிருக்கிறது. இதைப் பாடப் புத்தகங்கள் போதிய அளவு சொல்வதில்லை.

கப்பல் மறுபடி ஓடத் தொடங்கி இரண்டே ஆண்டில் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சம் சென்னை ராஜதானி முழுவதையும் வதைத்தது. வட ஆற்காடும் தப்பவில்லை. பண்ணையில் படியாளாகக் கட்டுண்டிருந்த குடும்பங்களைப் பண்ணையாரே கஞ்சி ஊற்ற முடியாமல் கைவிட்டார். அதுவரை கடலைக் கண்டு பயந்தவர்களுக்கு ஊரே கடலைவிடப் பயங்கரமாக ஆனது. புருஷனும் பெண்டாட்டியும் கைக்குழந்தையுமாக, கப்பலுக்கு ஆள் சேர்க்கும் டிப்போவுக்கு நடந்தவர்களைப் பஞ்சம்தான் நகர்த்தியது. ஆசை காட்டிப் பிடித்த ஆள்களின் பொய் அதற்கு மேல் போட்ட பூச்சு.

பெண்கள் போனதற்கு இன்னொரு காரணம் சட்டம். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தக் கூலி அனுப்புவதில் நிலைபெற்ற விதி. அந்த எண்ணிக்கை நிறையாமல் கப்பல் புறப்படக் கூடாது. தோட்டத்துரைகளுக்கு உண்மையில் வேண்டியிருந்தது ஆண்கள் மட்டுமே. பெண்ணைக் கூட்டிப்போவது செலவு என்றே நினைத்தார்கள். விதி வந்த பிறகு நாற்பதாவது பெண் கிடைக்காமல் கப்பல் காத்துக் கிடந்த நேரங்களில் பெண்ணின் மதிப்பு ஏறியது. இங்கேதான் தம்பதி என்ற சொல் பலவிதமாக உருண்டது. ஊரில் தாலி கட்டி வந்தவர்கள் ஒரு வகை. ஊர் ஒப்பாத சாதியில் மனம் வைத்து, ஊரைவிட்டு ஓடி, டிப்போவில் கணவன் மனைவி என்று பெயர் கொடுத்தவர்கள் ஒரு வகை. டிப்போவிலேயே முதன்முதல் பார்த்து, தனியாகப் போவதைவிடச் சேர்ந்து போவது மேல் என்று ஜோடியானவர்கள் இன்னொரு வகை. விதவைகளும், கணவன் கைவிட்டவர்களும் இந்தக் கடைசி வகையில் வந்தார்கள். பதிவேட்டுக்கு மூன்றும் ஒன்றுதான். குடும்பமாகப் போனவர்களுக்கு அடுத்தடுத்த எண்கள் கொடுக்கப்பட்டன. மனைவி என்பவள் முன் வரியில் இருந்த எண்ணுக்கு உரியவள்.

ஊரில் இருந்தவர்களின் கவலை வேறு மாதிரி. மகன் போவது ஒரு துக்கம். மகனும் மருமகளும் சேர்ந்து போவது வீடே காலியாவது. தனியாகப் போனவன் திரும்பி வருவான் என்ற நம்பிக்கையை ஊரில் இருக்கும் மனைவியே பிணையாக நின்று காத்தாள். அவளும் போய்விட்டால் அந்தப் பிணை இல்லை. வயதான தாய்க்குக் கொள்ளி வைப்பது யார், வாங்கிய கடனை அடைப்பது யார், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பது யார் என்ற கேள்விகள் எல்லாம் போகிறவர்களின் முதுகில் ஏறின. அதனால் பலர் சொல்லாமல் போனார்கள். சந்தைக்குப் போவதாகச் சொல்லிப் போனார்கள், கோயிலுக்கு என்று போனார்கள். சீட்டில் நெருங்கிய உறவினர் என்ற வரியில் பெயர் எழுதப்பட்டவருக்கே அந்தச் சீட்டு இருப்பது தெரியாது.

கப்பலில் இடம் பிரிக்கப்பட்ட முறையும் குடும்பத்தைச் சுற்றியே அமைந்தது. முன்பகுதியில் தனி ஆண்கள், பின்பகுதியில் தனிப் பெண்கள், நடுவில் குடும்பங்கள். பாய்மரக் கப்பலில் நெட்டாலுக்கு ஐந்து வாரமும் அதற்கு மேலும் பிடித்தது. நீராவிக் கப்பல் வந்ததும் காலம் குறைந்தது. ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. ஆணுக்கு முதல் ஆண்டில் மாதம் பத்து ஷில்லிங், ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடி ஐந்தாம் ஆண்டில் பதினான்கு. பெண்ணுக்கு அதில் பாதி. பத்து ஆண்டு இருந்தவருக்கே திரும்பும் பயணம் இலவசம். ‘ஐந்து வருடத்தில் வந்துவிடுவோம்’ என்று ஊரில் சொல்லிவிட்டுப் போனவர்களுக்கு இந்த இரண்டாவது ஐந்து ஆண்டு கரும்புத் தோட்டத்துக்குப் போன பிறகே முழுதாகப் புரிந்தது.

1895-இல் நெட்டால் சட்டமன்றம் வைத்த வரி இந்தக் குடும்பங்களின் மேல்தான் நேராக விழுந்தது. ஒப்பந்தம் முடிந்தபின் மறுபடி ஒப்பந்தமும் செய்யாமல், ஊருக்கும் திரும்பாமல் இருப்பவர் ஆண்டுக்கு மூன்று பவுன் கட்ட வேண்டும். மனைவிக்கும் தனியாக மூன்று பவுன். ஒரு பவுனுக்கு இருபது ஷில்லிங். தம்பதிக்கு ஆறு பவுன் என்றால் 120 ஷில்லிங். முதல் ஆண்டு ஒப்பந்தக் கூலி வாங்கும் ஆணின் பன்னிரண்டு மாதச் சம்பளம் அப்படியே அவ்வளவு. வளர்ந்த பிள்ளைகள் மேலும் பின்னர் இந்த வரி நீண்டது. தனி ஆளாக இருந்தவனுக்குச் சுமையாக இருந்தது, குடும்பஸ்தனுக்கு மறுபடி அடிமைச் சீட்டு எழுதிக் கொடுப்பதைத் தவிர வழியில்லாமல் செய்தது.

அடுத்த அடி திருமணத்தின் மேலேயே விழுந்தது. 1913 மார்ச் 14-ஆம் தேதி கேப் மாகாண உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, சட்டப்படி பதியப்படாத, பல மனைவியரை அனுமதிக்கும் மதத்தின் வழி நடந்த திருமணங்கள் தென்னாப்பிரிக்காவில் செல்லாது என்ற பொருள்படத் தீர்ப்பளித்தார். வழக்கு ஒரு முஸ்லிம் தம்பதியருடையது. ஆனால் வட ஆற்காட்டில் அம்மன் சந்நிதியில் தாலி கட்டிக்கொண்டு போன பெண்ணும் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணுக்கு மனைவி இல்லை என்றானாள். அவள் பிள்ளைகளின் வாரிசு உரிமை ஆட்டம் கண்டது. ஊரில் பெரியவர்கள் பயந்த அவப்பெயரை அந்நிய நீதிமன்றம் எழுத்தில் கொடுத்தது.

இதற்குப் பெண்கள் கொடுத்த பதில்தான் இந்த வரலாற்றின் உச்சம். அங்கே இந்தியர் நடத்திவந்த, அதுவரை ஆண்களின் சத்தியாகிரகமாக இருந்த போராட்டத்தில் பெண்கள் இறங்கினார்கள். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட முதல் பெண்கள் குழுவில் தமிழ்ப் பெண்களே மிகுதி; கைக்குழந்தைகளோடு போனவர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் நியூகாசில் சுரங்கங்களுக்குப் போய் மூன்று பவுன் வரியை எதிர்த்து வேலை நிறுத்தம் செய்யும்படி தொழிலாளர்களிடம் பேசினார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டு வந்தார்கள். சிறை சென்றவர்களில் ஒருவரான, தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை, விடுதலையான சில நாளில் 1914 பிப்ரவரி 22-ஆம் தேதி காய்ச்சலால் இறந்தார், பதினாறு வயது. அவருடைய பெற்றோரும் கடல் கடந்து வந்த ஒரு தம்பதியே. அந்த ஆண்டு நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் ஒருதார முறையில் நடந்த இந்தியத் திருமணங்களை ஏற்றது. மூன்று பவுன் வரியை நீக்கியது. ஓர் ஆட்சியோடு பொருதித் தாலிக்குச் சட்ட மதிப்பு வாங்கியவர்கள் என்று அந்தக் கூலிப் பெண்களைச் சொன்னால் மிகையாகாது.

பிஜியின் கதை குறுகியது, இருண்டது. 1903-இல்தான் சென்னையிலிருந்து அங்கே கப்பல் போனது. 1916 வரை சுமார் 15,000 தென்னிந்தியர்கள் போனார்கள். வட ஆற்காடு இங்கும் முன்னணியில் நின்றது. தோட்டத்து லயன் வீடுகளில் பத்தடி நீளம் ஏழடி அகலம் உள்ள ஓர் அறை மூன்று தனி ஆண்களுக்கு, அல்லது ஒரு தம்பதிக்கும் அவர்கள் குழந்தைகளுக்கும். அறைகளைப் பிரித்த சுவர் கூரையைத் தொடாது. பேசுவதெல்லாம் அடுத்த அறைக்குக் கேட்கும், அடுப்புப் புகை எல்லா அறைக்கும் போகும். ஆண்கள் மிகுதி, பெண்கள் குறைவு என்ற விகிதம் ஒவ்வொரு குடும்பத்தையும் சந்தேகத்தின் நடுவே வைத்தது; கொலைகளும் தற்கொலைகளும் நடந்தன. இந்தி பேசுவோர் நடுவே தமிழ் மட்டும் தெரிந்த தம்பதியருக்குத் துணை ஒருவருக்கொருவரே. சி.எஃப். ஆண்ட்ரூசும் டபிள்யூ.டபிள்யூ. பியர்சனும் நேரில் போய் பார்த்து 1916-இல் வெளியிட்ட அறிக்கை இந்த வாழ்க்கையை இந்தியப் பத்திரிகைகளுக்குக் கொண்டுவந்தது. பாரதியார் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாடியது பிஜித் தீவுப் பெண்களைப் பற்றித்தான். 1917-இல் ஒப்பந்தக் கூலி அனுப்புவது நிறுத்தப்பட்டது; 1920-இல் பிஜியில் மிஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் ரத்தாயின. 1926-இல் அங்கே தொடங்கப்பட்ட தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தியது.

மலாயாவுக்குப் போன முறை ஊருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அங்கே ஆள் கூட்டியவர் கங்காணி. அவர் அந்தத் தோட்டத்திலேயே வேலை செய்தவர், உரிமச் சீட்டோடு தன் ஊருக்கு வந்து தன் சொந்தபந்தத்தையும் அண்டை அயலையும் கூட்டிப் போனார். தெரியாத ஆளிடம் பிள்ளையைக் கொடுப்பது வேறு. மாமன் முறை உள்ளவரிடம் மகனையும் மருமகளையும் ஒப்படைப்பது வேறு. இன்னொரு காவலும் இருந்தது. போகிறவர்களைக் கங்காணி கிராம முன்சீப்பிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இவர்கள் போவதற்குத் தடை இல்லை என்று முன்சீப் கையெழுத்திட வேண்டும். குடும்பத்தின் கவலைக்கு அரசுத் தாளில் ஒரு கையெழுத்து இடம் கிடைத்தது இப்போதுதான். முன்சீப் எப்போதும் நியாயமாக நடந்தார் என்று நம்ப வேண்டியதில்லை. தன் வயலில் வேலை செய்யும் ஆளை விடமாட்டேன் என்று மறுத்தவரும் இருப்பார், காசுக்குக் கையெழுத்திட்டவரும் இருப்பார். கங்காணியும் வள்ளல் அல்ல. ஊர்க் கடனை அடைக்க அவர் கொடுத்த முன்பணம் தோட்டத்தில் வேறு கடனாக வளர்ந்தது, ஆள் ஒன்றுக்கு அவருக்குத் தலைக்காசும் கிடைத்தது.

கண்ணமங்கலம் போன்ற ஊர்களுக்கு இந்தக் காலத்தில் ரயில் வாசலுக்கே வந்திருந்தது. விழுப்புரத்துக்கும் காட்பாடிக்கும் இடையே பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் போடப்பட்ட மீட்டர் கேஜ் பாதையில் கண்ணமங்கலம் ஒரு நிலையம். மலாயாவுக்குப் போகிறவர்களை நிறுத்திவைத்த முகாம்கள் இரண்டு: சென்னைக்கருகே ஆவடி, தெற்கே நாகப்பட்டினம். வடக்கே போனால் காட்பாடி வழியாக ஆவடி. தெற்கே போனால் விழுப்புரம் வழியாக நாகப்பட்டினம். இரண்டுக்கும் ஒரே பாதை. ஏறும் திசைதான் வேறு. நாகையிலிருந்து பினாங்குக்குக் கடல் ஒரு வாரத்துக்குள். 1926-இல் ஓடத் தொடங்கிய ‘ரஜூலா’ கப்பல் 1970-களின் தொடக்கம் வரை இந்த வழியில் சென்றது. மலேசியத் தமிழர் குடும்பங்களில் தாத்தா பாட்டி கதை என்றால் அந்தக் கப்பல் பெயர் வராமல் இருக்காது.

1922-இன் இந்தியக் குடியேற்றச் சட்டமும் அதன்கீழ் வந்த விதிகளும் மலாயாவுக்குப் பெண்கள் மிகுதியாகப் போக வழி செய்தன. ரப்பர் பால் வெட்டுவதில் பெண்ணும் ஆணும் அருகருகே வேலை செய்ய முடிந்ததால் தோட்டங்களும் தம்பதியரை விரும்பின. அந்தப் பத்தாண்டுகளில்தான் கடல் கடந்த வாழ்க்கை தோட்டத்துக்குள் ஒரு தமிழ்க் கிராமமாக உறைந்தது: மாரியம்மன் கோயில், தீமிதி, தமிழ்ப் பள்ளி. தெருக்கூத்து வட ஆற்காட்டு வட்டாரத்தின் கலை என்பதும், அது நெட்டாலிலும் வேரூன்றியது என்பதும் தற்செயல் இல்லை. தனி ஆண்கள் கூத்தைப் பார்த்துவிட்டு மறந்திருப்பார்கள். குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடியப் பார்த்த குடும்பங்களே அதை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தன.

கூலி குறைக்கப்பட்டதை ஒட்டி 1938 ஜூனில் இந்திய அரசு மலாயாவுக்குப் பயணச் செலவு உதவி பெற்றுத் தொழிலாளர் போவதைத் தடை செய்தது. அடுத்து வந்த யுத்தம் குடும்பங்களைப் பிரித்தது. ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதை போடத் தோட்டத்து ஆண்களை இழுத்துப்போனார்கள், திரும்பாதவர்கள் ஏராளம். அந்த ஆண்டுகளில் ஊருக்குக் கடிதம் வரவில்லை, மணியார்டர் வரவில்லை.

போனவர்கள் திரும்பி வந்த கதை போன கதையைவிடக் கசப்பானது. 1927-இன் கேப்டவுன் ஒப்பந்தத்தின்படி தென்னாப்பிரிக்காவைவிட்டு இந்தியா திரும்பும் பெரியவர் ஒருவருக்கு இருபது பவுனும் குழந்தைக்குப் பத்து பவுனும் கொடுத்தார்கள். ஆசைப்பட்டு ஏறியவர்கள் சென்னையில் இறங்கியதும் திகைத்தார்கள். கணவன் சிறு பிள்ளையாகப் போனவன், ஊர்ப் பெயர் மட்டும் தெரியும். மனைவி நெட்டாலில் பிறந்தவள், அதுவும் தெரியாது. சாதி மாறி மணந்தவர்களை உறவினர் வாசலில் நிறுத்தினார்கள். கையில் இருந்த பணம் சில மாதத்தில் கரைந்தது. சென்னைக் குப்பங்களிலும் துறைமுகத்தைச் சுற்றியும் திரும்பிவந்தோர் தங்கிப்போனார்கள். பவானி தயாள் சன்னியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் 1931-இல் வெளியிட்ட அறிக்கை இவர்கள் நிலையை விவரித்து, திருப்பியனுப்பும் திட்டத்தையே கண்டித்தது. அக்கரையில் சட்டம் ஏற்றுக்கொண்ட திருமணத்தை இக்கரையில் உறவு ஏற்கவில்லை.

இன்று வட ஆற்காட்டு வட்டாரத்திலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்களில் பெரும்பாலோர் மறுபடி தனியாகவே போகிறார்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை முத்திரை வரும். 1983-இன் குடியேற்றச் சட்டத்தின் கீழ் முப்பது வயதுக்குட்பட்ட பெண்கள் வீட்டு வேலைக்குப் போகக் கட்டுப்பாடு உண்டு. அன்று பெண் இல்லாமல் கப்பல் போகக் கூடாது என்று விதித்த அரசு இயந்திரத்தின் வாரிசு இப்போது பெண்ணை நிறுத்தி வைக்கிறது. தமிழக அரசு ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிறது; தென்னாப்பிரிக்கா, பிஜி, மொரீசியசிலிருந்து வருகிறவர்கள் கையில் மூதாதையரின் கப்பல் பட்டியல் நகல் இருக்கிறது.

அப்படித் தேடி வருகிறவர்களுக்கும், அவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கும் ஒரு குறிப்பு. பட்டியலில் உள்ள வட ஆற்காடு இன்று வரைபடத்தில் இல்லை. 1911-இல் சித்தூர் பிரிந்தது. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-இல் எஞ்சியது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. கண்ணமங்கலம் என்ற பெயரில் தமிழ்நாட்டில் வேறு மாவட்டங்களிலும் ஊர்கள் உண்டு. எழுதிய குமாஸ்தா ஆங்கிலத்தில் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஊர்ப் பெயரை நம்பிக் கிளம்ப வேண்டாம். முதலில் தாலுகாவைப் பாருங்கள், அடுத்து தகப்பன் பெயரை, பிறகு அடுத்த எண்ணில் இருக்கும் பெண்ணின் ஊரை. கணவன் ஊர் தவறாக எழுதப்பட்ட இடத்தில் மனைவியின் ஊர் சரியாக இருக்கக்கூடும்.